சென்சாரைத் திட்டுவதை நிறுத்துங்கள்

பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் இஞ்சினியர், அதுவும் கேமராவோடு மாரடிக்கிற இஞ்சினியர், நான் ஒருத்தன்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடந்த படங்களில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். இரண்டு தீபாவளிக்கு முன்பு, குளுவாங் வீட்டு வாசலில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், சித்தப்பா அப்போது புதிதாக வாங்கியிருந்த கைப்பேசியில் எடுத்தது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்திருக்கிறார். லேசான சிரிப்பு.

ஏ3 அளவில் அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தேன். அத்தை கிட்டே வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"பச்சை எங்கடா?"

பாட்டியின் இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கும். சின்ன வயதில் தோட்டத்தில் குத்தியது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே மங்கிப்போய், பழுப்புத் தோலுக்குள் நீலம் கலந்த சாம்பலாகத்தான் கிடந்தது. கிட்டே போனால்தான் புள்ளிகள் பிரிந்து தெரியும். படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. புறங்கை நரம்பு இல்லை. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய விரல்களில் கணுத் தடிப்பு இல்லை. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது, நிறம் இரண்டு படி ஏறியிருந்தது. அச்சுக் கடைக்காரர் கைவைத்துவிட்டார் என்று நினைத்து மூலக் கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் மேல் தப்பில்லை. கைப்பேசி சேமித்து வைத்ததே அப்படித்தான்.

"நம்ம கலருக்கு, இருட்டுல, கேமரால அவ்வளவுதான் விழும்" என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. மாமாவோடு எனக்குச் சண்டை இல்லை, அவர் லாரி ஓட்டுபவர், தனக்குப் பட்டதைச் சொன்னார். ஆனால் அதே வாக்கியத்தைப் பெரிய சொற்களில் நம் இலக்கியக் கூட்டங்களிலும் கேட்கிறேன். கேமரா வெள்ளைக்காரன் செய்த கருவி, வெள்ளைத் தோலுக்காகவே செய்தது, கறுப்பைப் பார்க்கத் தெரியாத இயந்திரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைதட்டலும் விழுகிறது. ஆனால் அது குற்றவாளியை வெளியே விட்டுவிட்டுச் சாட்சியைப் பிடித்து உள்ளே போடுகிற வேலை.

*

அந்த வாதம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஃபிலிம் காலத்தில் அது உண்மை. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஃபோட்டோ லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைப் பெண் இருப்பாள். ஷெர்லி கார்டு என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று லேப்காரர்கள் அச்சு இயந்திரத்தைத் திருகி வைத்தார்கள். கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் வரும் ஒரு தகவல்தான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது: ஃபிலிமில் பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டச் சொல்லி கோடாக்கை நெருக்கியவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேசை செய்பவர்களும் இருந்தார்கள். பால் சாக்லேட்டும் கறுப்பு சாக்லேட்டும் விளம்பரத்தில் ஒரே மாதிரி இருக்கிறதாம். மனிதர்கள் ஒரே மாதிரி இருந்தது அதுவரை யாருக்கும் அவசரமாகப் படவில்லை.

ஃபிலிம் என்பது வேதியியல். எந்த நிறத்துக்கு எவ்வளவு எதிர்வினை என்று ஆட்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. அந்த வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சிலிக்கான் மேல் ஒட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

டிஜிட்டல் சென்சார் ஒரு எண்ணும் கருவி. அதில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு மங்கு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிவைக்கும் கோப்பை. ஒளி பட்டால் அதில் எலக்ட்ரான் சொட்டும். ஷட்டர் மூடியதும் ஒவ்வொரு மங்கிலும் எவ்வளவு சொட்டியிருக்கிறது என்று நிறுத்து எழுதுவார்கள். ஒளி இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்காகும். யார் தோலில் பட்டுத் திரும்பிய ஒளி என்று மங்கு கேட்பதில்லை. மேலே ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீலச் சல்லடையை மனிதர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நிஜம். கோடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976ல் காப்புரிமை வாங்கிய அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. பாதிப் பிக்சல் பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஆனால் அந்தச் சல்லடையால் ஒரு கையின் பச்சைக் குத்து மறைந்துபோகாது.

அப்படியானால் ஒரு சென்சார் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? மங்கை வைத்தே பார்க்கலாம். வந்து விழும் நூறு ஃபோட்டானில் எத்தனையை அது பிடிக்கிறது என்பது ஒன்று. மங்கு நிரம்பி வழியுமுன் எத்தனை எலக்ட்ரான் கொள்ளும் என்பது இன்னொன்று. மூன்றாவது, நிறுக்கிற கிராணி எவ்வளவு தவறுவார் என்பது. ஒவ்வொரு மங்குக்கும் இரண்டு சொட்டு கூட்டியோ குறைத்தோ எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் சொட்டில் இரண்டு போனால் யாருக்கும் வலிக்காது. பத்து சொட்டில் இரண்டு போனால் வலிக்கும். இதைத்தான் வாசிப்பு இரைச்சல் என்கிறோம். (தோட்டத்துக் கிராணிகள் எப்போதும் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்று பாட்டி சொல்வார். சென்சார் கிராணி அவ்வளவு மோசமில்லை, இரண்டு பக்கமும் தவறுவார்.) கொள்ளளவை இந்தத் தவறால் வகுத்தால் வருவது டைனமிக் ரேஞ்ச். ஒரே படத்தில் எவ்வளவு வெளிச்சத்தையும் எவ்வளவு இருட்டையும் சேர்த்துப் பிடிக்க முடியும் என்ற அளவு.

கிராணி தவறே செய்யாவிட்டாலும் ஒரு இரைச்சல் மிச்சம் இருக்கும். ஒளி மழை மாதிரி, ஒழுங்காக வரிசை கட்டி வருவதில்லை. சராசரி நூறு விழ வேண்டிய இடத்தில் ஒரு மங்கில் தொண்ணூறு, பக்கத்து மங்கில் நூற்றுப் பத்து. இந்த அலைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். நூறுக்குப் பத்து, அதாவது பத்து சதவீதம். பத்தாயிரத்துக்கு நூறு, ஒரு சதவீதம்தான். இருட்டில் படம் புள்ளி புள்ளியாக வருவதற்கு முக்கியமான காரணம் இதுதான். உலகத்திலேயே விலை உயர்ந்த சென்சார் வாங்கினாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். "ஐஎஸ்ஓ ஏத்துனா நாய்ஸ் வரும்" என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஐஎஸ்ஓ என்பது சொட்டிய பிறகு பெருக்கிக் காட்டுவது. மங்கில் விழுந்ததை அது மாற்றாது. நம்பாவிட்டால் ஷட்டரையும் லென்ஸ் துளையையும் மாற்றாமல் ஐஎஸ்ஓ 400ல் ஒன்று, 3200ல் ஒன்று ரா கோப்பாக எடுத்து, முதல் படத்தைக் கணினியில் மூன்று ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். 3200ல் எடுத்தது மோசமாக இருக்காது. பல கேமராக்களில் அதுதான் கொஞ்சம் சுத்தமாகக்கூட இருக்கும். இரைச்சல் வருவது ஒளி போதாததால்.

*

நான் வேலை செய்வது ஜொகூர் பாருவுக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில். சர்க்யூட் போர்டில் ஈயப்பற்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்ப்பது என் வேலை. ஸ்கூடாயில் நாலு வருடம் படித்தபோது சென்சார் என்பது ஒரே ஒரு அத்தியாயம். உண்மையில் கற்றுக்கொண்டது வேலைக்கு வந்து கேமரா வாங்கக் கொட்டேஷன் கேட்டபோதுதான்.

தொழிற்சாலைக் கேமரா விற்பவர் ஒரு தாள் கொடுப்பார். இஎம்விஏ 1288 என்று ஐரோப்பிய மெஷின் விஷன் சங்கம் வகுத்த ஒரு முறை இருக்கிறது, அதன்படி அளந்த எண்கள். எங்கள் துறையில் ரொம்பப் பரிச்சயமான ஒரு சோனி சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள், ஐஎம்எக்ஸ்250. வெறும் 5 மெகாபிக்சல். ஒரு பிக்சலின் அகலம் 3.45 மைக்ரோமீட்டர். மங்கின் கொள்ளளவு சுமார் 10,000 எலக்ட்ரான். கிராணியின் தவறு இரண்டு சொச்சம் எலக்ட்ரான். வகுத்துப் பார்த்தால் நாலாயிரம் மடங்குக்கு மேல், பன்னிரண்டு ஸ்டாப். தாளில் எழுதியிருக்கும். எழுதியபடி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம். நாங்கள் அனுப்பியும் இருக்கிறோம்.

அதே விலைக்கு ஒரு கைப்பேசி வாங்கப் போனால் என்ன தாள் கிடைக்கிறது? 200 மெகாபிக்சல். ஏஐ நைட். ஸ்டூடியோ போர்ட்ரெய்ட். கைப்பேசிக்கும் தொழிற்சாலைக்கும் சென்சார் செய்வது பல நேரம் ஒரே நிறுவனம். அளக்கத் தெரியாமல் இல்லை. சர்க்யூட் போர்டைப் படம் எடுக்கிறவனுக்கு எலக்ட்ரான் கணக்கைக் கொடுக்கிறார்கள், பாட்டியைப் படம் எடுக்கிறவனுக்கு ஒரு விளம்பர வாக்கியம். இதை யாராவது கேட்டோமா? நாம் கேட்டதெல்லாம் எத்தனை மெகாபிக்சல் என்றுதான்.

அந்த மெகாபிக்சல் கதையையும் முடித்துவிடுகிறேன். சாம்சங் 2021ல் அறிவித்த 200 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.64 மைக்ரோமீட்டர். வெளிச்சம் குறைந்தால் பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து அது கொடுப்பது 12.5 மெகாபிக்சல் படம். இருட்டில் எடுப்பதற்கென்றே சோனி 2014ல் ஏ7எஸ் என்று ஒரு கேமரா விட்டது, அதில் மொத்தமே 12 மெகாபிக்சல். பரப்பளவுதான் விஷயம். 2018ல் வந்து பல கைப்பேசிகளில் உட்கார்ந்த சோனியின் 48 மெகாபிக்சல் சென்சார் 6.4க்கு 4.8 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36க்கு 24. பரப்பில் 28 மடங்கு. மழையைப் பிடிக்க எத்தனை மங்கு என்பதைவிட எவ்வளவு வாய் திறந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

அந்தக் கைப்பேசி சென்சாரின் அளவை "அரை அங்குலம்" என்று எழுதுவார்கள். அதன் மூலைவிட்டம் 8 மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7. மிச்சம் எங்கே போனது? அந்தக் காலத்து டிவி கேமராவில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயர் சொன்ன பழக்கம் அது, குழாய் போய்ப் பல வருடம் ஆகியும் அங்குலம் மட்டும் கூடவே வருகிறது. பசார் மாலத்தில் தராசில் இப்படி ஏமாற்றினால் சும்மா விடுவோமா?

*

இப்போது பாட்டியின் கைக்கு வருகிறேன். மாமா சொன்னதில் உண்மை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கேமராவின் நிறத்தைச் சோதிக்க உலகம் முழுக்க ஒரு அட்டை பயன்படுத்துகிறார்கள். 1976ல் வந்தது, 24 கட்டங்கள். முதல் கட்டத்தின் பெயரே "கறுந்தோல்", இரண்டாவது "வெண்தோல்". அட்டையில் வெண்தோல் கட்டம் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 35 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கறுந்தோல் கட்டம் சுமார் 10 சதவீதம். மூன்றரை மடங்கு வித்தியாசம். வெண்தோலிலிருந்து ஒரு மங்கில் 1000 எலக்ட்ரான் விழுந்தால் கறுந்தோலிலிருந்து 290 விழும். அலைச்சலால் வகுத்துப் பார்த்தால் சுத்தம் என்பது ஒன்றில் 32, மற்றதில் 17. இன்னும் இருட்டில், வெண்தோலுக்கே 100தான் விழுகிறது என்றால், இரண்டு எலக்ட்ரான் தவறுகிற கிராணியையும் சேர்த்து, ஒன்றில் 10, மற்றதில் 5. மஞ்சள் பல்பு என்றால் இன்னும் கொஞ்சம் இடறும், ஏனென்றால் அந்த ஒளியில் நீலம் ரொம்பக் குறைவு, பழுப்புத் தோல் நீலத்தை இன்னும் குறைவாகத் திருப்பும். நீலச் சல்லடை போட்ட மங்குகள் கிட்டத்தட்டக் காலி.

ஆக மாமா சொன்னதில் பாதி இயற்பியல். ஆனால் அந்தப் பாதியின் அளவைப் பாருங்கள். மூன்றரை மடங்கு ஒளி என்பது இரண்டு ஸ்டாப்புக்கும் குறைவு. ஷட்டரை முப்பதில் ஒரு பங்கு நொடிக்குப் பதில் எட்டில் ஒரு பங்கு நொடி திறந்து வைத்தால் தீர்ந்துபோகிற கடன். பன்னிரண்டு ஸ்டாப் பிடிக்கிற சென்சார்கள் இருக்கிற காலத்தில் இரண்டு ஸ்டாப்பைக் காரணம் காட்டி ஒரு கையின் பச்சையை அழித்துவிட்டு, "கேமராவுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று நம்மையே சொல்லவைத்துவிட்டார்கள்.

யார் அழித்தது? இரண்டு பேர். முதலாவது, கைப்பேசியில் இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் சின்ன வித்தியாசம் தெரிந்தால் அது நிஜமா இரைச்சலா என்று அதற்கு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் தேய்த்துவிடு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மங்கிய பச்சை, சுருக்கம், நரம்பு எல்லாமே சின்ன வித்தியாசம்தான். கறுத்த தோலில் அது இன்னும் சின்னது. இரண்டாவது, அழகு கூட்டும் வடிகட்டி. பல கைப்பேசிகளில் பெட்டியைத் திறக்கும்போதே அது போட்டுத்தான் வருகிறது. இரண்டுமே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு இஞ்சினியர் எடுத்த முடிவு. என்னைப் போல ஒருத்தன்.

இதைச் சும்மா வாயால் சொல்லக்கூடாது என்பதற்காகச் சித்தப்பாவிடம் அதே கைப்பேசியை வாங்கினேன். அதே வாசல், அதே பல்பு. என் முன்கையில் பால்பாய்ண்ட் பேனாவால் ஐந்து புள்ளி வைத்து, சோப்புப் போட்டுப் பாதி கழுவி, மங்கலாக்கினேன். என் நிறம் பாட்டியின் நிறம்தான். வழக்கமான முறையில் ஒரு படம், ப்ரோ முறையில் ரா கோப்பாக ஒரு படம். வழக்கமான படத்தில் கை வழவழவென்று, மூன்று புள்ளிகளைக் காணவில்லை, மிச்சம் இரண்டும் அழுக்கு மாதிரி. ரா கோப்பைக் கணினியில் திறந்தேன். மணல் தூவிய மாதிரி இரைச்சல், அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் மணலுக்குள் ஐந்து புள்ளிகளும் இருந்தன.

சென்சார் பார்த்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறது. பாட்டியின் படத்துக்கு ரா கோப்பு கிடையாது, எடுத்த அந்த நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டு எறிந்துவிட்டது.

*

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். கூகுள் 2016ல் விட்ட முதல் பிக்சல் கைப்பேசி. 2018 நவம்பரில் நைட் சைட் என்று ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது, அந்தப் பழைய கைப்பேசிக்கும் கிடைத்தது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் வேலை அது. ஒரே சென்சார், முந்தின நாள் இரவு இருட்டு, மறுநாள் இரவு முகம் தெரிகிறது. 2021ல் அதே நிறுவனம் பிக்சல் 6ல் ரியல் டோன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கறுத்த தோலைச் சரியாகக் காட்ட வெளிச்ச அளவு, வெண்சமநிலை போன்றவற்றைத் திருத்தினோம் என்றார்கள். விளம்பரம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த விளம்பரத்துக்குள் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது: திருத்தியது மென்பொருளை. அப்படியானால் அதுவரை தப்பு இருந்ததும் அங்கேதானே?

சரி, மதிப்பெண் பார்த்து வாங்கலாமே என்பார்கள். டிஎக்ஸ்ஓமார்க் 2008லிருந்து சென்சார்களுக்கு மதிப்பெண் போடுகிறது. நிக்கான் டி850 2017ல் நூறு வாங்கியது. நான் அந்தத் தளத்தை மதிக்கிறேன், ரா கோப்பை அளக்கிறார்கள், எப்படி அளக்கிறோம் என்று சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒற்றை எண், நிற ஆழம், டைனமிக் ரேஞ்ச், குறைந்த வெளிச்சம் என்ற மூன்றையும் அரைத்துச் செய்த துவையல். குறைந்த வெளிச்ச அளவுக்கு அவர்கள் பார்ப்பதும் நடுச் சாம்பலை, 18 சதவீதத்தை. அத்தையின் கேள்வி 10 சதவீதத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. நூறு வாங்கினவனிடம் எந்தப் பாடத்தில் என்று கேட்காமல் பெண் கொடுக்கிற மாதிரி வாங்குகிறோம்.

தமிழில் கேமரா விமர்சனம் செய்யும் தம்பிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று இருந்தேன். முடியவில்லை. பூந்தொட்டி, நியான் பலகை, பக்கத்து வீட்டுப் பூனை. இரவில் ஒரு கறுத்த முகத்தை, விளக்கெதுவும் வைக்காமல் எடுத்து, ரா கோப்பையும் சேர்த்துக் காட்டிய ஒரு தமிழ் விமர்சனத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. இருந்தால் அனுப்புங்கள், மன்னிப்புக் கேட்கிறேன். தன்னைப் படம் எடுத்துக் காட்டும்போது முகத்துக்கு நேரே வளைய விளக்கு. சோதிக்க வேண்டியதை விளக்குப் போட்டு மறைத்துவிட்டுச் சோதனை செய்கிறார்கள்.

*

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்குச் சோதனைச்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. தெப்ராவ் சாலைக்குப் பக்கத்தில் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். 1922ல் எழுந்த கோயில், 2009 வாக்கில் உள்ளே முழுக்கக் கண்ணாடிக்கு மாறியது. மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நாம் முதலில் கூட்டிப்போவது அங்கேதான், எல்லோரும் படம் எடுப்பதும் அங்கேதான். எடுத்த படத்தில் தூண் ஜொலிக்கும், கூரை ஜொலிக்கும், நடுவில் நிற்கும் நாம் கரிக்கட்டை.

ஏன் என்று இப்போது சொல்ல முடியும். கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதும் சராசரியில் நடுச் சாம்பல் என்று நினைக்கும். சுற்றிலும் கண்ணாடி மின்னுவதால் ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று ஷட்டரைச் சுருக்கிவிடும். நம் முகத்துக்கு நாலைந்து சொட்டுதான் மிஞ்சும். பிறகு மென்பொருள் வந்து அந்த நாலு சொட்டைப் பெருக்கி, வந்த இரைச்சலைத் தேய்த்து, பிளாஸ்டிக் முகம் ஒன்றைத் தரும். ஒளிமானிக்கு உங்கள் சாதியும் தெரியாது, நிறமும் தெரியாது. கறுப்புச் சுவருக்கு முன்னால் நின்று அதே முகத்தை எடுத்தால் அது தலைகீழாக, உங்களை வெளுப்பாக்கிவிடும். கண்ணாடிக் கோயிலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தை ஒன்றரை இரண்டு ஸ்டாப் ஏற்றுங்கள். பின்னால் கண்ணாடி வெளுத்துப்போகும். போகட்டும். கண்ணாடியைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடியைப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

எந்த விளிம்பை விடுவது என்ற இந்த முடிவை எடுக்கத்தான் டைனமிக் ரேஞ்ச் தெரிந்திருக்க வேண்டும். நல்ல சென்சார் இருந்தால் கண்ணாடியையும் முகத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒன்றை விட வேண்டும், எதை விடுவது என்பதை இப்போதைக்குக் கைப்பேசி முடிவுசெய்கிறது. அது ஒவ்வொரு முறையும் முகத்தை விடுகிறது.

நல்ல சென்சார் கையில் இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிட்டோம் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கல்யாண ஃபோட்டோகிராபர்கள் பத்தாயிரம் வெள்ளிக் கேமரா வைத்திருக்கிறார்கள். பதினாலு ஸ்டாப் பிடிக்கிற சென்சார். நலங்கு மஞ்சள், வேட்டியின் வெள்ளை, மாப்பிள்ளையின் புறங்கழுத்துக் கறுப்பு எல்லாம் அந்த ரா கோப்பில் துல்லியமாக இருக்கிறது. ஆல்பம் வரும்போது மணப்பெண்ணுக்கு ஒன்றரை ஸ்டாப் ஏற்றி, சருமத்தைத் தேய்த்து, தன் தங்கையைப் போலவே இல்லாத ஒருத்தியாகக் கொடுக்கிறார்கள். நண்பர் ஒருவர் இந்தத் தொழிலில் இருக்கிறார். கேட்டேன். "வெளுப்பாக்காம கொடுத்தா பொண்ணோட அம்மா போன் பண்ணுவாங்க மச்சான்" என்றார். இதில் வெள்ளைக்காரன் செய்த கருவி எங்கே வருகிறது? கருவி சொன்னதைத் திருத்தியவர் நம்மாள், திருத்தச் சொன்னவர் நம் வீட்டம்மா.

அதனால்தான் கேமராவின் மேல் பழி போடும் கட்டுரைகள் எனக்குக் கோபம் வரவழைக்கின்றன. அந்தக் கட்டுரையைப் படிக்கிறவன் வருத்தப்பட்டுவிட்டுப் போய்விடுவான். அமைப்புகளுக்குள் போய் அழகு வடிகட்டியை அணைக்கமாட்டான். கடையில் ரா கோப்பு எடுக்குமா, சென்சாரின் நீள அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கமாட்டான். கைப்பேசிக் கம்பெனிக்காரனும் நிம்மதியாக இருப்பான், ஏனென்றால் காலனியத்துக்கு எதிராக எழுதிய கடிதம் அவன் மேசைக்கு வராது.

புதுமைப்பித்தனின் பதிப்புகளில் பாட வேறுபாடு பார்க்கத் தெரிந்த வாசகர்கள் நாம். கையெழுத்துப் பிரதி எங்கே, திருத்தியது யார், எப்போது என்று கேட்போம். வீட்டில் இருக்கும் ஒரே பாட்டியின் ஒரே படத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. ரா கோப்புதான் கையெழுத்துப் பிரதி. ஒரு படத்துக்கு இருபது முப்பது மெகாபைட் ஆகும், இடம் அடைக்கும். ஆகட்டுமே.

பாட்டியின் படம் இப்போது குளுவாங் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாற்றப் படம் இல்லை. போன வாரம் அம்மாவைச் சமையலறையில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்காரவைத்து, முக்காலி வைத்து, சாம்பல் அட்டையைப் பக்கத்தில் சாய்த்து, முதலில் கையை எடுத்தேன். நாலைந்து படம் எடுக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"கைய என்னாத்துக்குடா இத்தன படம். மூஞ்சிய ஒண்ணு எடு. அந்த ரா-வோ என்னமோ, அதுலயே எடு."